மரியதாஸ் வீட்டு நாற்காலி

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தவளக்குப்பம் கூட்டுரோட்டில் ஹாரன் சத்தம் காதைத் துளைத்துக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா தன் தையல் கடையில், பாதி தைத்த கல்யாண ஜாக்கெட்டை மிஷினிலேயே விட்டுவிட்டு, பச்சை அட்டை நோட்டு ஒன்றை மடியில் விரித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

'வியாழன், பகல் ஒரு மணி. குருவிநத்தம் மரியதாஸ் வீடு. வேதம் வாசித்தோம். ஜெபித்தோம். கால் புண் ஆறி வருகிறது. போன வாரம் போலவே இன்றும் வாய்விட்டுச் சிரித்தார்.'

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டாள். எழுத்து முத்துமுத்தாக இருந்தது. அதில் ஒரு வார்த்தைகூட நிஜம் இல்லை. நேற்று பகல் ஒரு மணிக்கு அவள் இதே ஸ்டூலில் உட்கார்ந்து இதே ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டெல்லா கெட்டவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சொல்கிறவருக்குப் பாவம். பாகூர்ப் பக்கத்தில் இருக்கும் சின்ன லுத்தரன் சபை அவளுடையது. அங்கே சபைகுருவை எல்லோரும் ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அருள்தாஸ் ஐயருக்கு ஐந்து கிராமம். ஒற்றை ஆளாக எத்தனை வீட்டுக்கு ஓடுவார்? அதனால் சபை மக்களிலேயே பதினோரு பேரைச் சேர்த்து ஒன்பது மாதப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். டிரைவர், தையல்காரி, கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவர் என்று எல்லாரும் சனிக்கிழமை சாயந்திரம் வந்து, நோயாளியிடம் எப்படிப் பேசுவது, யாருக்கு என்ன உதவி எங்கே கேட்பது, எப்படி ஜெபிப்பது என்று படித்தார்கள்.

ஆளுக்கு மூன்று வீடு. வாரம் ஒருமுறை போக வேண்டும். போய் வந்ததைப் பச்சை நோட்டில் எழுதி, வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஐயருக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். ஒன்பதாம் மாதம் சபை முன்னால் பீடத்தருகே நிறுத்தி, கழுத்தில் மரச்சிலுவை போட்டு, ஊழியர் என்று பேர் சொல்லி அழைப்பார்கள். அந்த நாளுக்கு ஸ்டெல்லா வெள்ளைப் பட்டு ஜாக்கெட் ஒன்று இப்போதே தைத்து வைத்துவிட்டாள். அவ்வளவு ஆசை!

இரண்டு வீடு தவளக்குப்பத்திலேயே. அங்கே ஒழுங்காகப் போனாள், மனசாரப் போனாள். மூன்றாவதுதான் மரியதாஸ். கரும்பு வெட்டும் கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்தவர். மனைவி இறந்து, மகன் வேலைக்குத் திருப்பூரோடு போய், சர்க்கரை வியாதியில் கண்ணும் மங்கி, ஆற்றங்கரை ஓரத்து வீட்டில் தனியாகக் கிடந்தார். முதல் தடவை போனபோது உள்ளே இருட்டு. குடலைப் புரட்டும் ஒரு வாடை. "காலைக் கொஞ்சம் பாக்கிறியாம்மா?" என்று அவர் துணியை அவிழ்க்கப் போனார். ஸ்டெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அடுத்த வியாழக்கெழமை ஒரு மணிக்கு வந்து பாக்கறேன் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு ஓடிவந்தவள்தான். அதற்கப்புறம் பதினோரு வியாழக்கிழமை போய்விட்டது. பதினொன்றுக்கும் நோட்டில் பக்கம் இருந்தது.

அன்று படத்தை அனுப்பிவிட்டு ஊசியைக் கையில் எடுத்தபோது வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். கையில் ஜாக்கெட் துணி.

"ஸ்டெல்லாங்கிறது நீதானா?"

"ஆமாம்மா. இன்னா தைக்கணும்?"

"அது கெடக்கட்டும். குருவிநத்தத்துல மரியதாசு வூட்டுக்கு வர்ற ஸ்டெல்லாவும் நீதானா? சர்ச்சுல இருந்து வர்றது?"

கடையில் சபைப் பெண்கள் இரண்டு பேர் அளவு கொடுக்க நின்றுகொண்டிருந்தார்கள். இல்லை என்று எப்படிச் சொல்வது? ஸ்டெல்லா தலையை ஆட்டினாள்.

"அதான பாத்தேன்! நான் மணியம்மாள். அவரு வூட்டுக்குப் பின்னாலதான் எங்க வூடு, கரைமேல ஆடு மேய்ப்பேன். பொண்ண இந்த ஊர்லதான் குடுத்திருக்கேன். நேத்துகூட நீ வந்திருந்தியே."

ஊசி விரலில் ஏறியது. ஸ்டெல்லாவுக்கு அது உறைக்கவில்லை.

"ஒரு மணி ஆனா போதும், அவரு பேச்சுச் சத்தம் கேக்கும். 'வா ஸ்டெல்லா, குந்து ஸ்டெல்லா'ன்னு. நேத்து சிரிச்சாரு பாரு, எங்க ஆடெல்லாம் மெரண்டு போச்சி. முன்னாடி வாரா வாரம் நாந்தான் ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போயி கட்டு மாத்துவேன். இப்ப நீங்க பாத்துக்கறீங்க, நல்லா இரு." மணியம்மாள் துணியை நீட்டினாள். பிறகு கொஞ்சம் கிட்ட வந்து, "ஒண்ணு மட்டும் கேக்கணும்னு நெனச்சேன். அவரு கொரலு கரைவரைக்கும் கேக்குது. உன் கொரலு மட்டும் ஒருநாளும் கேட்டதே இல்ல. அவ்ளோ மெதுவாவா பேசுவ?" என்றாள்.

ஸ்டெல்லா அளவு நாடாவை எடுத்தாள். மணியம்மாள் தோளிலிருந்து அளந்தபோது எண்ணை இரண்டு தடவை தப்பாக எழுதினாள்.

மறுநாள் சனிக்கிழமை. வகுப்பில் ஐயர் தன் போனைத் தூக்கிப் பிடித்து அவள் பக்கத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். "சந்திப்புன்னா இப்படி இருக்கணும். நேத்து சாயந்திரம் மரியதாசுக்கு போன் போட்டேன். 'ஸ்டெல்லாம்மா வந்தாங்களா, சிரிச்சீங்களாமே'ன்னு கேட்டேன். 'ஆமா ஐயரே, வந்துச்சி, சிரிச்சேன்'ங்கறார். ஸ்டெல்லாம்மா, உங்களுக்கு நல்ல வரம் இருக்கு."

பத்துப் பேரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். மணியம்மாள் யாரோ, ஏதோ காதில் விழுந்ததைச் சொன்னாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தாள். இப்போது மரியதாஸே சொல்கிறார். அப்படியானால் தான் இங்கே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கும்போது, தன் பேரைச் சொல்லிக்கொண்டு அங்கே போய் உட்கார்வது யார்?

அந்த வாரம் முழுக்க அவள் ஒரு நிலையில் இல்லை. தறிகெட்ட வேகத்தில் மிஷினை மிதித்தாள், துணி சுருண்டது. கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. புருஷன் அன்புராஜ், "இன்னாடி, ஜுரமா?" என்று கேட்டான். இல்லை என்றாள்.

பயந்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? அடுத்த பஸ்ஸைப் பிடித்து நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். இவள் என்ன செய்தாள் தெரியுமா? இன்னொரு பொய்யை எழுதினாள்! அந்த வியாழக்கிழமையும் போகவில்லை. வெள்ளிக்கிழமை நோட்டை எடுத்து, 'வியாழன். அவருக்கு நீல நிறத் துண்டு ஒன்று கொடுத்தேன்' என்று எழுதி அனுப்பினாள். இதையும் அவர் ஆமாம் என்று சொல்கிறாரா பார்ப்போம் என்று ஒரு வீம்பு. துண்டு என்பது கைக்குத் தட்டுப்படுகிற சாமான். இல்லாத துண்டைக் கிடைத்தது என்று யாரால் சொல்ல முடியும்?

சனிக்கிழமை ஐயர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "துண்டு கெடைச்சுதான்னு கேட்டேம்மா. ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் பேச்சே இல்ல. அப்புறம், 'ஆமா ஐயரே, குடுத்துச்சி'ன்னார். கொரல் தழுதழுத்துப் போச்சு அவருக்கு."

ஸ்டெல்லா வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அடுத்த வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள். பாகூரில் பஸ் மாறி, குருவிநத்தத்தில் இறங்கி, கரும்புத் தோட்டத்து ஓரமாக நடந்தாள். உச்சி வெயில். வழியில் ஒரு ஆள் இல்லை. காற்று நின்று போய், கரும்புத் தோகை ஒன்றுகூட அசையவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் அவளைப் பார்த்துக் குரைத்துத் தீர்த்த நாய் வேப்பமரத்தடியில் படுத்திருந்தது. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. தினம் வருகிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. அவள் கையை வைக்கும் முன்பே உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"வா ஸ்டெல்லா. குந்தும்மா. வெயில்ல வந்திருப்ப."

தான் வந்தது அவருக்குக் கேட்டிருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் அவர் பேச்சை நிறுத்தவில்லை.

"ஆயிடுச்சி, நான் சாப்ட்டேன். மணியம்மா சன்னல் வழியா கொழம்பு குடுத்துச்சி." சிறிது நேரம் அமைதி. யாரோ எதையோ சொல்ல, அதைக் காது கொடுத்துக் கேட்கிற அமைதி. "ம்... ம்... ஆமாம்மா. நீ சொல்றது சரிதான்."

கதவுச் சந்து வழியாக எட்டிப் பார்த்தாள். கட்டிலின் ஓரத்தில் மரியதாஸ் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தூசி தட்டித் துடைத்து, உட்கார இதமாக ஒரு பழைய புடவையை நாலாக மடித்துப் போட்டிருந்தது. பக்கத்தில் முக்காலியில் இரண்டு டம்ளர் டீ. நாற்காலியில் யாரும் இல்லை. மரியதாஸ் அந்த வெறும் இடத்தைப் பார்த்து, முகம் மலர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

வீடு முழுக்கத் துணி இறைந்து கிடந்தது. டிரங்குப் பெட்டி கவிழ்ந்திருந்தது. அரிசிப் பானைகூட ஒருபக்கமாகச் சாய்த்து வைத்திருந்தது. அந்தப் பழைய வாடை இப்போது பத்து மடங்காக எழுந்து வந்து முகத்தில் மோதியது. ஸ்டெல்லாவின் கை நழுவி, கதவு கிறீச்சென்றது.

"யாரு?"

"நாந்தான்..." கதவைப் பிடித்து நிறுத்தினாள். "ஸ்டெல்லா வந்திருக்கேன் பெரியப்பா" என்றாள்.

மரியதாசின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. வாசல் பக்கம் திரும்பினார். நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

"நீ ஸ்டெல்லான்னா... அப்போ இங்க குந்தினு இருக்கிறது யாரு?"

ஐயோ, அந்தக் கேள்வி! ஓடிவிடலாம் என்றுதான் ஸ்டெல்லாவின் கால் சொன்னது. ஆனால் எதிரே இருந்த மனுஷன் அவளைவிட அதிகமாகப் பயந்து போயிருந்தார். இரண்டு கையாலும் காற்றைத் துழாவி, நாற்காலியைத் தொட்டு, அதன் கையைத் தடவி, முதுகைத் தடவி, யாரும் இல்லை என்று கண்டுகொண்டு, சின்னப் பிள்ளைபோல விசும்ப ஆரம்பித்தார். அந்த விசும்பல்தான் ஸ்டெல்லாவை உள்ளே இழுத்துக்கொண்டு போனது. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

"அங்க யாரும் இல்ல பெரியப்பா. நான் ஒருத்திதான். இன்னைக்குத்தான் வர்றேன். அந்த மொத தடவைக்கு அப்பறம் நான் வரவே இல்ல."

"வரலையா?" அவர் அவள் விரல் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "நெசமாவா? வரவே இல்லையா?"

"இல்ல."

"அப்போ எனக்குப் புத்தி கெட்டுப் போகலையா?"

ஸ்டெல்லாவுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். "நீ ஒரு மணிக்கு வருவேன்னு சொன்னியேன்னு குந்திகினு இருந்தேன். வரல. மறுநா ஐயர் போன் போட்டு, ஸ்டெல்லா வந்து வேதம் வாசிச்சாங்களாமேன்னு கேட்டாரு. வரலன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். சர்ச்சு ஆளு, அதுவும் ஊழியத்துக்குப் படிக்கிற பொண்ணு, பொய் எழுதுமா? எனக்குத்தான் வந்தது மறந்து போச்சின்னு நெனச்சிட்டேன். எங்கப்பா கடேசியில அப்பிடித்தாம்மா, பெத்த புள்ளையே தெரியாம பூட்டாரு. எனக்கும் அதே வந்துடுச்சி, வெளிய தெரிஞ்சா எங்கனா கொண்டுபோயி வுட்ருவாங்கன்னு பயம். அதான் எதக் கேட்டாலும் ஆமா ஆமான்னு சொல்லிட்டேன்."

"இந்த நாற்காலி?"

"என் கண்ணுக்கும் காதுக்கும் தெரியலன்னாலும் நீ வந்து குந்தினுதான இருப்ப? மரியாதையா பேசணுமேன்னு பேசுவேன். நான் சிரிச்சேன்னு ஐயர் சொன்னாரு. அடுத்த வாரம் சிரிச்சேன்." அவர் குரல் இறங்கியது. "அந்த நீலத் துண்டுதாம்மா. குடுத்தத எங்க வச்சேன்னு தெரியல. வூடு பூரா கொட்டித் தேடிட்டேன். உன்கிட்ட, கோச்சிக்காதன்னு சொல்லத்தான் இன்னைக்கு குந்திகினு இருந்தேன்."

ஸ்டெல்லா இறைந்து கிடந்த துணிகளைப் பார்த்தாள். கண் தெரியாத மனுஷன், ஊன்றி நிற்க முடியாத காலோடு, அவள் கடையில் உட்கார்ந்து எழுதிய ஒற்றை வரியைத் தேடி அரிசிப் பானைவரைக்கும் கையை விட்டிருக்கிறார். அவளுக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது.

"காலு?" என்றாள் திடீரென்று.

"அது ஆறிடுச்சே! ஆறி வருதுன்னு நீதான் எழுதியிருந்தியாமே. வலியும் இல்ல. அதான் கட்டு மாத்த வேணாம்னு மணியம்மாகிட்ட சொல்லிட்டேன்."

அவள் துணியை அவிழ்த்தாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. மூன்று விரல் கறுத்துப் போயிருந்தது. கறுப்பு பாதத்தின் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அவள் போட்ட கூச்சலில் மணியம்மாள் கரையிலிருந்து ஓடிவந்தாள். ஆட்டோ வந்தது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில், சர்க்கரை முற்றினால் காலில் உணர்ச்சி போய்விடும், அதனால்தான் வலிக்கவில்லை என்றார்கள். ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் ஆள் பிழைத்திருக்க மாட்டாராம். மூன்று விரலை எடுத்தார்கள். கால் தப்பியது.

அறுவைச் சிகிச்சை முடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது ஸ்டெல்லா எல்லாவற்றையும் மணியம்மாளிடம் சொன்னாள். மணியம்மாள் அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தாள். அவள் அடிக்கவில்லை.

"நீ வராதது தப்புன்னு நான் சொல்லலடி. ஊருல யாரு வந்தாங்க, நீ வர? நீ வர்றன்னு நெனச்சி நான் வுட்டேன் பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல. வர மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே கூட்டினு போயிருப்பேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஐயர் மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஸ்டெல்லா பச்சை நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, எது எது பொய் என்று பக்கம் பக்கமாகக் காட்டினாள். அவர் எல்லாப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். "நானும் போகலையே" என்றார் கடைசியில். "முன்னாடி வியாழக்கிழமை நான் போயிட்டிருந்த வீடு அது. நீங்க போறீங்கன்னு விட்டுட்டேன். போன்ல உங்க எழுத்த அவருக்கு வாசிச்சுக் காட்டிட்டு, நானும் ஊழியம் பண்ணதா நெனச்சுக்கிட்டேன்."

பயிற்சி நிறைவு நாள் வந்தது. பத்துப் பேர் பீடத்தருகே நின்றார்கள். ஸ்டெல்லா தன் பேரை எடுத்துவிடச் சொல்லியிருந்தாள். வெள்ளைப் பட்டு ஜாக்கெட் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஆனாலும் ஐயர் அவளை முன்னால் கூப்பிட்டு, நடந்ததை நீங்களே சொல்லுங்கள் என்றார். முன்வரிசையில் ஊன்றுகோலோடு மரியதாஸ், அவர் பக்கத்தில் மணியம்மாள்.

ஸ்டெல்லா எதையும் மறைக்காமல் சொன்னாள். தூசி தட்டித் துடைத்த வெறும் நாற்காலியைப் பற்றிச் சொன்னபோது பின்வரிசையில் யாரோ புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். கடைசியில் அந்தப் பத்துப் பேர் பக்கம் திரும்பினாள்.

"நான் செஞ்சது வெறும் பொய்யின்னு நெனச்சுகினு இருந்தேன். இல்ல. போகாத வூட்டுக்குப் போனதா எழுதினா, போகக்கூடிய மத்தவங்களையும் நாம நிறுத்திடறோம். மணியம்மாவ நிறுத்தினேன். ஐயர நிறுத்தினேன். அவரு புத்திய அவரே நம்பாம பண்ணேன். முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க, அந்த எடத்துக்கு யாராவது வருவாங்க. போகாம போனேன்னு மட்டும் சொல்லாதீங்க. ஒரு உசுரு அங்க நம்ம பேரைச் சொல்லி வெறும் நாற்காலிகிட்ட பேசிகினு இருக்கும்."

அன்று முதல் அந்தச் சபையில் ஒரு வழக்கம் மாறியது. பச்சை நோட்டு இப்போது சந்திக்கப் போகிறவர் பையில் இருப்பதில்லை. அந்தந்த வீட்டுச் சுவரில், ஆணியில் தொங்குகிறது. யார் வந்தார், என்ன பேசினார் என்று அந்த வீட்டுக்காரர் சொல்லச் சொல்லத்தான் எழுத வேண்டும்.

வியாழக்கிழமை ஒரு மணிக்கு ஸ்டெல்லா குருவிநத்தம் போகிறாள். அந்த நாற்காலியில் உட்காரும் முன் இன்றும் ஒரு கணம் தயங்குகிறாள். முன்பே அங்கே இருக்கும் யாரையோ எழுப்பிவிட்டு உட்கார்வதாகத் தோன்றுகிறது. மரியதாசும் எடுத்தவுடன் பேசுவதில்லை. முதலில் கையை நீட்டி அவள் விரல்களைத் தடவிப் பார்க்கிறார். பிறகு தன் தோளில் கிடக்கும், அவள் நிஜமாகவே வாங்கிக் கொடுத்த நீலத் துண்டையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

"ரெண்டும் இருக்குது," என்கிறார். "இப்போ எழுதிக்கோ."